அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பு: அடக்க ஆராதனை முதல் நினைவு மலர் வரை எழுதும் முறை

யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் இறந்துபோனபோது பேதுருவை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். மேல்வீட்டறையில் அழுதுகொண்டு நின்ற விதவைகள் அவரிடம், அவள் உயிரோடிருக்கையில் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்காரும் யாரும் முதலில் அந்த ஒரு வசனத்தை வாசித்துவிடுவது நல்லது. நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் குறிப்புகளில் பிறந்த தேதி இருக்கும், படிப்பும் வேலையும் பிள்ளைகளின் பட்டியலும் இருக்கும். பிறகு "இறைப்பற்று மிக்கவர், எளிமையானவர், எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்" என்று முடியும். அங்கியைத்தான் காணோம்.

சபையில் வளர்ந்து, சபைக்கு உழைத்து, பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டுப் போன ஒரு தகப்பனைப் பற்றி எழுதுகிற வீட்டாருக்காக இந்த வழிகாட்டி. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறது. கத்தோலிக்க வீட்டிலும் லுத்தரன் வீட்டிலும் சில பெயர்கள் மாறும், வேலை இதேதான்.

எழுத வேண்டியது ஒன்றல்ல, மூன்று. அடக்க ஆராதனையில் வாசிக்க இரண்டு நிமிடக் குறிப்பு. முப்பதாம் நாளோ முதலாம் ஆண்டோ நடக்கும் நினைவு ஆராதனைக்கு ஐந்து நிமிடக் குறிப்பு. வீட்டில் வைத்துக்கொள்ள நினைவு மலர். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கும் வீடுகளில் மூன்றும் கெட்டுப்போகும்.

1. முதல் இரவு: ஆறு விவரமும் ஓர் அங்கியும்

மூத்த மகனிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஐஸ் பெட்டி, கல்லறைத் தோட்டத்தில் குழி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் விமான நேரம், வந்தவர்களுக்குக் காபி என்று எல்லாம் அவர் தலையில்தான் இருக்கும். ஒரு மருமகன், அண்ணன் மகன், அல்லது பக்கத்து வீட்டு ஆசிரியர் போதும். அவர் ஒருவரே எழுத வேண்டும், ஐயருக்கும் (சபைக் குருவானவர்) பத்திரிகை விளம்பரத்துக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கும் அவர் எழுதியதே போக வேண்டும். ஃப்ளெக்ஸ் கடைக்குத் தொலைபேசியில் சொன்னால் இனிஷியல் மாறும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், போஸ்டரில் ஒரு வயதும் ஆலயத்தில் ஒரு வயதும் வரும்.

அன்று இரவு சேகரிக்க வேண்டியவை: ஞானஸ்நானப் பெயரோடு முழுப்பெயர், பிறந்த தேதியும் ஊரும், பெற்றோர் பெயர், திருமண நாளும் மனைவி பெயரும், பார்த்த வேலை, சபையில் வகித்த பொறுப்பு. மனைவி பெயர் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் பல குறிப்புகளில் "அவருடைய துணைவியார்" என்றே வந்து போகிறார், பெயரில்லாமல்.

இந்த ஆறோடு ஒரே ஓர் அங்கி, அதாவது அவர் கையால் செய்த, ஊர் பார்த்த ஒரு காரியம். 200 சொல்லுக்கு மேல் வேண்டாம். கூட்டம் வெயிலில் நிற்கும், அம்மா சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

வயதில் ஒரு கண்ணி உண்டு. 12.3.1941இல் பிறந்து 5.1.2025இல் இறந்தவருக்கு முடிந்த வயது 83. அவர் இறந்தது 84ஆம் வயதில். "84 வயதில்" என்று எழுதினால் தப்பு, "84ஆம் வயதில்" என்றால் சரி. கல்லில் வெட்டும்போதும் இதே குழப்பம் வரும் என்பதால் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது. அந்தப் படிவத்தில் எழுதும் பெயர் ஆதார், ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம் மூன்றோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சபையில் எல்லாரும் கூப்பிட்ட பெயரை அங்கே எழுதிவிட்டால் வாரிசுச் சான்று வாங்கும்போது அலைய நேரிடும்.

2. வேதாகமத்தைத் திறக்கும் முன்

அடக்கம் முடிந்து வீடு ஓய்ந்ததும் பேத்தி யாராவது தாத்தாவின் வேதாகமத்தை எடுத்து உதறிப் பார்ப்பாள். அதற்கு முந்திக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் காகிதங்களில் இதைவிட விஷயம் அடங்கியது வேறில்லை.

முன்பக்க வெற்றுத் தாள்களில் பிள்ளைகள் பிறந்த தேதி, நேரம், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர் பெயர் இருக்கக்கூடும். உள்ளே பக்கங்களுக்கு நடுவே வாக்குத்தத்தச் சீட்டுகள், அதாவது வருஷத்துக்கென்று எடுக்கும் வசனச் சீட்டுகள் இருக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த சீட்டை எறியாமல் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைப்பவர்கள் நிறையப் பேர். திருமண அழைப்பிதழ், பழைய காணிக்கைக் கவர், ஆஸ்பத்திரிச் சீட்டு, பேரன் முதல்முதலாகக் கிறுக்கிய காகிதம் என்று வேறென்னவும் இருக்கலாம். எந்தச் சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு செய்தி. 1994ஆம் ஆண்டுச் சீட்டு, துன்பத்தைப் பேசும் யோபு புஸ்தகத்தில் இருந்தால், அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்கத் தோன்றும். சீட்டை உருவி எடுத்துத் தனியாக அடுக்கிவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சீட்டு இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் சீட்டோடு ஒரு படம். சீட்டை எடுத்து முன்னும் பின்னும் இரண்டு படம். திரும்ப அதே பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஓரத்தில் அவர் பேனாவால் போட்ட கோடு, தேதி, பிரசங்கம் செய்தவரின் பெயர் இருக்கும் பக்கங்களை அதற்குப் பிறகு எடுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. சில வருஷத்தில் பழுப்பேறி, எழுத்தோடு சேர்ந்து உரியும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், திரும்பப் பிரிக்க முடியாது.

3. தேதிகளைச் சரிபார்த்தல்

பிறந்த தேதி இரண்டு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயது தேறுவதற்காக வாத்தியார் போட்ட தேதி ஒன்று, உண்மையில் பிறந்த தேதி ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பணிப் பதிவேடு, ஆதார் எல்லாம் முதல் தேதியைத்தான் சொல்லும். ஞானஸ்நானப் பதிவேடு இரண்டாவதைச் சொல்லும், குழந்தை மடியில் இருந்தபோதே எழுதியது அது. வாழ்க்கைக் குறிப்புக்கும் கல்லறைக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளலாம். அரசாங்கக் காகிதத்துக்குச் சான்றிதழ் தேதியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பதிவேடு பார்க்கச் சேகர (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) அலுவலகத்துக்குப் போகும்போது உத்தேச ஆண்டு, தகப்பன் பெயர், அன்றைய ஊர் மூன்றும் கையில் இருக்கட்டும். "இங்கே இல்லையே" என்றால் பதிவேடு தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சேகரங்கள் காலப்போக்கில் பிரிந்திருக்கின்றன, பழைய புத்தகம் தாய்ச் சேகரத்திலேயே இருந்துவிடும். அன்று ஊர்ச் சபை எந்தச் சேகரத்தின் கீழ் இருந்தது என்று வயதான ஓர் உபதேசியாரை (ஊர்ச் சபையில் போதிக்கும் ஊழியர்) கேட்டால் சொல்லிவிடுவார். பதிவேட்டில் தகப்பனின் தொழிலும் இருக்கும். "பனையேறி", "கொத்தனார்" என்று இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மகன் எங்கிருந்து எங்கே வந்தார் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடும்.

குமரி மாவட்டத்துப் பழைய ஆவணங்களில் மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு வரும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி தொடங்கி டிசம்பர் கடைசி வரையுள்ள நாளுக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடியும் வரையுள்ள நாளுக்கு 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1120 சித்திரை என்றால் 1945.

அன்று இல்லாத பெயர்களை அன்றைக்கு ஏற்றிச் சொல்வது நம் குறிப்புகளில் மலிந்த தப்பு. 1947 செப்டம்பர் 27க்கு முன் பிறந்த குழந்தை "சி.எஸ்.ஐ. ஆலயத்தில்" ஞானஸ்நானம் பெற்றிருக்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபை உருவானதே அன்றுதான். நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் என்றால் அது ஆங்கிலிக்கன் சபை. நாகர்கோவில் பக்கம் என்றால் லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்திய ஐக்கிய சபை. 1950இல் மார்த்தாண்டத்தில் பிறந்தவர் திருவிதாங்கூர்-கொச்சியில் பிறந்தவர், குமரி 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986இல், தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதி) பிரிந்தது 2003இல், தென்காசி மாவட்டம் 2019இல். "1975இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர்" என்று எழுதினால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மீதிக் குறிப்பையும் நம்பமாட்டார். படிப்பும் அப்படியே. 1978இல் பிளஸ் டூ வரும்வரை எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11ஆம் வகுப்பு, அதற்கு மேல் கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. 1948இல் பிறந்தவரைப் "பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்" என்று எழுத வேண்டாம்.

சபைப் பொறுப்புகளை வீட்டார் சொல்வதை வைத்து எழுதக் கூடாது. "முப்பது வருஷம் கமிட்டியில் இருந்தார்" என்பது பாசத்தில் வருகிற எண். சேகரக் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கும். தேர்தல் சில ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் எத்தனை தடவை, எந்தெந்தத் தடவை என்று எண்ணிவிடலாம்.

4. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

பிள்ளைகளுக்குத் தெரிந்தது வீட்டுக்கு வந்த பிறகுள்ள அப்பாவை மட்டும். மீதி அப்பா வெளியே இருந்தார். முதலில் ஆலய மணி அடித்து, ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்குட்டியார். முதல் மணிக்கு வருவது யார், மூன்றாம் மணிக்கு வருவது யார், யார் செருப்பை ஒழுங்காக விடுவார், அசன விழாவில் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) கடைசிப் பந்தி வரைக்கும் வாளியோடு நிற்பது யார் என்று அவருக்குத் தெரியும். பிறகு பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றவர், ஓய்வுநாள் பள்ளியில் (ஞாயிறு வேதவகுப்பு) அவரிடம் படித்து இப்போது நாற்பது வயதாகிவிட்டவர்கள், கூட வேலை பார்த்தவர், டீக்கடைக்காரர். அக்கா தங்கை யாராவது இருந்தால் சின்ன வயசுக் கதை அத்தைகளிடம்தான் கிடைக்கும்.

அம்மாவிடம் முதல் வாரம் கேட்காதீர்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்த ஒரு பிற்பகல் நல்லது. "அப்பாவைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றால் "என்னத்தச் சொல்ல, தங்கமான மனுஷன்" என்று அழுதுவிடுவார். ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்து, "இது எந்த வீடும்மா? இந்தச் சட்டை யாரு தைச்சது?" என்று தொடங்குங்கள். சட்டையிலிருந்து தையல்காரர், தையல்காரரிடமிருந்து அந்த வருஷத்துச் சம்பளம், சம்பளத்திலிருந்து தம்பி படிப்புக்கு அனுப்பிய மணியார்டர் என்று தானாகவே நீளும்.

கேட்டால் பதில் வருகிற கேள்விகள் சில:

- ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திரிப்பார், ஆலயத்துக்கு முன்னால் என்ன செய்வார்?
- குடும்ப ஜெபத்தில் எந்தச் சங்கீதத்தை அடிக்கடி எடுப்பார், யார் தூங்கி வழிவார்கள்?
- காசுக் கஷ்டம் வந்த வருஷம் எது, எதை விற்றார்?
- யாரோடு பேசாமல் இருந்தார், பிறகு எப்படிப் பேசினார்?
- எந்தச் சாமானை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார்?
- கடைசியாக ஆலயத்துக்கு நடந்துபோனது எப்போது?

செல்போனில் பதிவு செய்யுங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான். விமான முறையில் போட்டு, மின்விசிறியைக் குறைத்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மடித்த துண்டின்மேல் வைத்தால் மேசை அதிர்வு கேட்காது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். இரண்டாவது நாள் பேசுவதில்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும், முதல் நாள் சொன்னதை இரவெல்லாம் நினைத்துப் பார்த்திருப்பார்.

5. ஐந்து நிமிடக் குறிப்பை எழுதுதல்

சத்தமாக, நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 தமிழ்ச் சொல் போகும். ஐந்து நிமிடத்துக்கு 450 சொல். பிறப்பு, பெற்றோர், படிப்பு, வேலைக்கு 100 சொல். திருமணம், பிள்ளைகளுக்கு 80. கடைசி நாட்களுக்கும் நன்றிக்கும் 70. மிச்சம் 200, அதில் மூன்று அங்கிகளைக் காட்ட வேண்டும். இரண்டு போதாது, நான்கு வைத்தால் ஒன்றும் நெஞ்சில் நிற்காது. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வரட்டும்: ஆலயம், வீடு, வேலை அல்லது ஊர்.

எழுதியபின் ஒரு சோதனை. அவர் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இறந்த வேறொரு ஐயாவின் பெயரைப் போட்டு வாசியுங்கள். மாற்றமில்லாமல் பொருந்துகிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். "ஆலயக் காரியங்களில் ஆர்வமுடன் ஈடுபட்டார்" ஊரில் எல்லாருக்கும் பொருந்தும். அதன் இடத்தில் என்ன வரலாம்? மின்வாரியத்தில் வேலை பார்த்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்:

"மின்வாரியத்தில் வயர்மேனாக 34 ஆண்டுகள் வேலை பார்த்தார். டிசம்பர் பிறந்தால் ஆலயக் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டுவது அவர் பொறுப்பு. பல்பும் ஹோல்டரும் வாங்கிய ரசீதைப் பொருளாளரிடம் ஒரு தடவையும் கொடுத்ததில்லை. முழங்கால் வலி வந்தபின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே ஏறும் பையன்களிடம் 'மெயினை அணைச்சாச்சா?' என்று மூன்று தடவை கேட்பார். அந்தப் பையன்களில் இருவர் இன்று எலக்ட்ரீஷியன்கள்."

தாராளம், பொறுப்பு, எளிமை என்ற சொற்கள் இதில் இல்லை. கேட்கிறவர்களே மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். "மெயினை அணைச்சாச்சா" என்கிற இடத்தில் பின்வரிசையிலிருந்து லேசான சிரிப்பு வரும். துக்க ஆராதனையில் சிரிப்பு வந்தால் பதற வேண்டாம், ஆளை எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்றுதான் அர்த்தம்.

அவர் பேசிய பேச்சை அவர் பேசியபடியே போடுங்கள். நெல்லைப் பேச்சுக்காரரைப் பிரசங்கத் தமிழில் பேசவைத்தால் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். நேரடிப் பேச்சு ஒரு குறிப்பில் இரண்டு இடம் போதும்.

வசனம் ஒன்றே ஒன்று, அதுவும் அவருடையதாக இருக்க வேண்டும். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்கிற வசனம் எல்லாக் கல்லறையிலும் இருக்கிறது. பவுல் அதைச் சிறையிலிருந்து, தன் முடிவு நெருங்கியது தெரிந்து எழுதினார். உங்கள் அப்பா நாற்பது வருஷம் தபால் கொடுத்தவர் என்றால் அவர் வேதாகமத்தில் கோடு போட்டிருக்கும் வசனம் வேறாக இருக்கலாம். அதை எடுங்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்கிற வழக்கு சபையில் வாசிக்கச் சரி, பத்திரிகைக்குக் "காலமானார்". இரண்டையும் கலந்து "காலமாகி நித்திரையடைந்தார்" என்று எழுதுவதையும் பார்க்க முடிகிறது.

6. சொல்லச் சங்கடமானவை

மரித்த குழந்தையை விட்டுவிடாதீர்கள். "நான்கு பிள்ளைகள்" என்று வாசிக்கும்போது, ஐந்து பெற்ற அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளை வயது வரிசையில் எழுதுங்கள், ஆண் பிள்ளைகளை முதலில் அடுக்கிவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு வர வேண்டாம். வீட்டார் சம்மதமில்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டுபோன மகளின் பெயரும் அவள் வீட்டுக்காரர் பெயரும் அந்த வரிசையில் வந்தாக வேண்டும். அதை எடுக்கச் சொல்லி ஒரு பெரியப்பா வருவார். பட்டியலை அம்மா பார்த்துச் சரி சொல்லிவிட்டார் என்று ஒரே பதிலாகச் சொல்லிவிடுங்கள், அதற்காகவே அம்மாவிடம் முதலில் காட்டியிருக்க வேண்டும். முதல் மனைவி இறந்து இரண்டாம் திருமணம் செய்தவர் என்றால் இருவர் பெயரும், இரண்டு திருமண ஆண்டும்.

கோபக்காரர் என்றால் கோபக்காரர் என்றே எழுதலாம், எதற்குக் கோபப்பட்டார் என்பதோடு. குடி, கடன், வழக்கு போன்றவை ஆலயத்தில் வாசிக்க வேண்டியவை அல்ல. ஆனால் "எந்தத் தீய பழக்கமும் இல்லாதவர்" என்று பொய்யும் எழுத வேண்டாம், தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒன்றும் சொல்லாமல் கடந்துபோக வழி உண்டு. குடியை விட்டவர் என்றால், விட்ட ஆண்டை மனைவி சம்மதித்தால் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய அங்கி வேறில்லை.

திருமண்டலத் தேர்தலில் எந்த அணியில் இருந்தார் என்பது வேண்டவே வேண்டாம். அஞ்சலி உரைக்கு மைக் கேட்டு வருகிறவர்கள் அதை எப்படியும் கொண்டுவரப் பார்ப்பார்கள். பேசுகிறவர்களை இரண்டு பேராக, ஆளுக்கு மூன்று நிமிடமாகக் குருவானவர் வழியாகவே முன்கூட்டி முடிவு செய்யுங்கள். வீட்டார் மறுத்தால் வருத்தம், ஐயர் மறுத்தால் ஒழுங்கு.

7. வாசிப்பு

எழுதியவர்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. மகன் வாசிக்க ஆசைப்பட்டால் வாசிக்கட்டும், பக்கத்தில் இன்னொரு பிரதியோடு ஒருவர் நிற்க வேண்டும். குரல் உடைந்த இடத்திலிருந்து அவர் தொடர்ந்துவிடுவார். 16 புள்ளி எழுத்து, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி, தாளின் ஒரே பக்கம். வாக்கியம் பக்க முடிவில் முறிந்து அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. தாள்களை ஸ்டேபிள் செய்யாமல் எண் போடுங்கள், புரட்டும் சத்தம் மைக்கில் கேட்கும். செல்போனைப் பார்த்து வாசிக்க வேண்டாம். சரியாக அந்த நேரத்தில்தான் துபாயிலிருந்து யாராவது துக்கம் கேட்கக் கூப்பிடுவார்கள்.

முந்தின நாளே ஒரு பிரதியைக் குருவானவரிடம் கொடுத்துவிடுங்கள். பிரசங்கத்தில் அதே சம்பவத்தை அவர் தனியாகச் சொல்லிவிட்டால், உங்கள் முறை வரும்போது அது பழைய செய்தி.

8. நினைவு மலர்

முப்பதாம் நாளுக்குள் அச்சடிக்க முயலாதீர்கள், முதலாம் ஆண்டுக்குத் திட்டமிடுங்கள். ஏ5 அளவில், நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வர வேண்டும். 16 பக்கத்துக்கு நான்கு ஏ4 தாள். பதினெட்டுப் பக்கத்துக்கு விஷயம் சேர்த்துக்கொண்டு போனால் அச்சகத்தில் இரண்டு பக்கத்தை வெட்டச் சொல்வார்கள், அல்லது யாருடைய ஆசிச் செய்தியையாவது போட்டு இருபதாக நிரப்புவார்கள். இந்த ஆசிச் செய்திகள் மலரைத் தின்றுவிடும். பேராயர், சேகரத் தலைவர் என்று இரண்டோடு நிறுத்தினால் அப்பாவுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

படங்கள்தான் அதிகம் கெடுவது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஓர் அங்குல அகலமுள்ள பாஸ்போர்ட் படத்தை 1200இல் ஸ்கேன் செய்தால் நாலு அங்குலம் வரை பெரிதாக்கலாம், 300இல் செய்தால் அதே ஓர் அங்குலம்தான். சுவரில் மாட்டியிருந்த பழைய ஸ்டுடியோ படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பக்கச் சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும்.

எழுத்தை யூனிகோடில் கொடுத்தால், பழைய மென்பொருள் வைத்திருக்கும் அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறும். "பொறுப்பு" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடக்கும். பாமினி போன்ற எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்து காணாமலும் போகும். அதனால் மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் காகிதத்தில் வாங்கி மூன்று பேர் பாருங்கள்: ஒருவர் தேதியை மட்டும், ஒருவர் பெயரை மட்டும் (சொந்தம் முழுக்கத் தெரிந்த அத்தை), ஒருவர் சத்தமாக வாசித்து. மூன்றையும் ஒருவரே பார்த்தால் விசுவாசத்தில் "சு" விட்டுப்போனதை அட்டை அச்சான பிறகுதான் கண்டுபிடிப்பார்.

9. கல்லும் பெட்டியும்

கல்லறை கட்ட அவசரப்பட வேண்டாம். புதுக் குழியின் மண் ஒரு மழைக்காலமாவது இறங்கட்டும், இல்லாவிட்டால் மேலே பதித்த கிரானைட் ஒரு பக்கம் சாய்ந்து விரிசல் விடும். கட்டும் அளவுக்கும் அனுமதிக்கும் சேகர அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முடிக்க நினைத்தால் கல் வேலையை ஆகஸ்டிலேயே சொல்லிவிட வேண்டும், அக்டோபரில் எல்லா வீட்டாரும் வந்து நிற்பார்கள். கல்லில் பெயர், இரண்டு தேதி, ஊர், ஒரு வசனத்தின் இருப்பிடம். வசனம் முழுவதையும் வெட்டினால் எழுத்து சிறுத்து, நாலு வருஷத்தில் பாசி அடைத்துவிடும்.

திரட்டியதையெல்லாம் ஒரு பெட்டியில் வையுங்கள். ஜெராக்ஸ் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் மை உறையில் ஒட்டிக்கொள்ளும், சாதா வெள்ளைத் தாளில் மடித்தால் போதும். பதிவு செய்த ஒலியை வெட்டாமல் அப்படியே இரண்டு இடத்தில், தேதியும் பேசியவர் உறவும் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி வைக்க வேண்டும். மலரின் ஒரு பிரதியைச் சேகர அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். போட்டோக்களின் பின்புறம் யார், எங்கே, எந்த ஆண்டு என்று மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் அழுத்தினால் முகத்தில் தடம் விழும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டும். இரண்டாம் வரிசையில் குடையோடு நிற்கிற அந்த ஆள் யார் என்று இன்றைக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும்.